சஃபோக்கின் மெல்லிய மஞ்சள் கோடுகள்: ஏழாண்டு சைக்கிள் பயண அனுபவம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள சஃபோக் மாவட்டத்தின் சிற்றூர்ச் சாலைகளில் நான் முதன்முதலில் சைக்கிள் ஓட்டியது 2018ஆம் ஆண்டின் வசந்த காலத்தில். அன்றிலிருந்து, உறைபனி கடுமையாக இருந்த வாரங்களைத் தவிர, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது சட்பரி ரயில் நிலையத்தில் சைக்கிளோடு இறங்கி, எட்வர்ட்ஸ்டன், கிராட்டன், லிண்ட்சி, கெர்சி, செல்ஸ்வொர்த், பில்டெஸ்டன், கெட்டில்பாஸ்டன், லாவென்ஹம் என்று சுற்றிவிட்டு மீண்டும் சட்பரிக்கே வந்து சேர்கிறேன். மொத்தம் ஏறத்தாழ 50 கி.மீ. சைக்கிளையும் அதன் உதிரிபாகங்களையும் பற்றி எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். நான் பகிர விரும்புவது சாலைகளைப் பற்றிய அனுபவத்தை, குறிப்பாக வண்டி நடமாட்டம் குறைந்த சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது, அது எப்போதெல்லாம் தன் அமைதியை இழக்கிறது என்பதைத்தான்.

முதலாண்டில் நான் செய்த தவறு, சாலையோரப் பலகைகளை மட்டும் நம்பியது. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண் எழுதப்பட்டிருந்தால் அது தேசிய சைக்கிள் வலையமைப்பைச் சேர்ந்த வழி. ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணிக்கொண்டேன். 1995இல் லாட்டரி நிதியுதவியோடு விரிவடையத் தொடங்கிய அந்த வலையமைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அதைப் பராமரித்துவந்த சஸ்ட்ரான்ஸ் அமைப்பே 2020இல் தன் வழிகளை மறுபரிசீலனை செய்து, ஏறத்தாழ கால்பங்கு நீளத்தை வலையமைப்பிலிருந்து நீக்கவோ வேறு வகையில் சேர்க்கவோ செய்தது. வண்டிகள் மிகுந்த சாலைகள் அதில் இருந்ததே அதற்கு முக்கியக் காரணம். எண் இடப்பட்ட வழி என்பதாலேயே ஒரு சாலை அமைதியாக இருந்துவிடாது என்று நான் அனுபவத்தில் உணர்ந்ததை, அந்த முடிவு உறுதிப்படுத்தியது.

அதன் பிறகு காகித வரைபடத்துக்கு மாறினேன். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 155ஆம் தாள் இந்தப் பகுதிக்கு உரியது. 1:50,000 அளவில் அமைந்த இந்தத் தாளில் சிறு சாலைகள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பொதுவாக நான்கு மீட்டருக்கு மேல் அகலமுள்ளவை தடித்த மஞ்சள், அதற்குக் குறைந்தவை மெல்லிய மஞ்சள். இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போய் ஒதுங்குமிடத்தில் நிற்க வேண்டிய சாலைதான் மெல்லிய மஞ்சள். எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒன்றல்ல. இரண்டு பெரிய சாலைகளைக் குறுக்கே இணைத்து, மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கும் மெல்லிய கோடு, காரில் வழிகாட்டும் கருவிகள் பரவிய பிறகு மிகவும் ஆபத்தான சாலையாகிவிட்டது. மாறாக, பெரிய சாலை ஒன்றுக்குப் பக்கவாட்டிலேயே, இரண்டு மூன்று கி.மீ. தள்ளி, வளைந்து வளைந்து போகும் கோடு யாருக்கும் பயன்படாது. அவசரமாகப் போகிறவர்களை எல்லாம் பெரிய சாலை இழுத்துக்கொள்ளும். ஹாட்லி பக்கத்திலிருந்து மங்க்ஸ் ஈலி வழியாக லாவென்ஹம் செல்லும் ஏ1141 சாலை அப்படித்தான் எனக்கு உதவுகிறது. நான் அதில் ஏறுவதே இல்லை; ஆனால் அது இருப்பதால்தான் லிண்ட்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் நான்கைந்து கார்களுக்கு மேல் எதிரே வருவதில்லை.

இவ்வளவு சாலைகள் இங்கே எதற்கு என்று தொடக்கத்தில் வியந்ததுண்டு. சஃபோக்கின் இந்தக் களிமண் நிலத்தில் வயல்கள் அளந்து பிரிக்கப்பட்டவை அல்ல; பழைய வயல்களின் ஓரங்களைத் தொட்டுத் தொட்டு, தனித்தனிப் பண்ணைகளையும் சிறு தேவாலயங்களையும் சேர்த்துக்கொண்டு சாலைகள் உருவாகியிருக்கின்றன. இடைக்காலத்தில் இந்த ஊர்கள் கம்பளித் துணி நெசவால் செழித்தன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாவென்ஹம் இங்கிலாந்தின் செல்வமிக்க ஊர்களுள் ஒன்று. நெசவு நலிந்த பிறகு பெரிய நகரமாக வளர வேண்டிய தேவை எந்த ஊருக்கும் வரவில்லை. சாலைகளும் நேராக்கப்படாமல் அப்படியே தங்கிவிட்டன. நிலம் அளந்து பங்கிடப்பட்ட கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு உடனே புரியும். அங்கே சிறு சாலையும் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். நேரான சாலையில் யாரும் மெதுவாக வருவதில்லை. வேக வரம்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: ஊரைத் தாண்டியதும் மணிக்கு 60 மைல். இங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துவது சட்டமல்ல, வளைவுகளும் இருபுறமும் உயர்ந்து நிற்கும் உயிர்வேலிகளும்தான்.

சில சாலைகளுக்கு ‘அமைதிச் சாலை’ என்ற பெயர்ப் பலகை உண்டு. 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் உள்ளூர் நிர்வாகங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. பலகையால் வேக வரம்பு மாறுவதில்லை. நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் சைக்கிளில் வருபவர்களும் எதிர்ப்படுவார்கள் என்று ஓட்டுநருக்கு நினைவூட்டுவதோடு சரி.

நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன்பு இந்தச் சாலைகள் முழுவதும் நம்முடையவை. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுவதால், முதல் ரயிலுக்குக் காத்திராமல் முந்தைய நாளே சட்பரியில் வந்து தங்கி அதிகாலையில் கிளம்பியிருக்கிறேன். கெட்டில்பாஸ்டன் மேட்டில் வானம்பாடியின் பாட்டைத் தவிர வேறு ஒலி இல்லாத அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த ஊர்களை நான் விடாமல் சுற்றுகிறேன். நண்பகலுக்கு மேல் மதிய உணவுக்கு மதுவிடுதிகளைத் தேடி வரும் கார்கள் கூடிவிடும். வார நாட்களில் காலை எட்டு முதல் ஒன்பது வரை இங்கே வரவே வேண்டாம். பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் அவசரம் மெல்லிய சாலைகளிலும் தெரியும்.

பருவங்களில், பலரும் கொண்டாடும் இலையுதிர் காலத்தில்தான் நான் அதிகம் அவதிப்பட்டிருக்கிறேன். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் முதல் நாளிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை உயிர்வேலிகளை வெட்டக் கூடாது என்பது விதி. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் பொருத்திய வெட்டுக்கருவியோடு விவசாயிகள் கிளம்பிவிடுவார்கள். உயிர்வேலியில் வளரும் ஹாதார்ன், பிளாக்தார்ன் செடிகளின் முட்கள் சாலை நெடுகச் சிதறிக் கிடக்கும். 2021 அக்டோபரில் லிண்ட்சியைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சரானது. டியூபை மாற்றிக்கொண்டு அரை கி.மீ. கூடப் போயிருக்க மாட்டேன், மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. இந்த முறை டயரைக் கழற்றி, உட்புறத்தை வெளியே மடித்து, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினேன். வெளிப்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முள் டயரோடு மட்டமாக ஒடிந்திருந்தது. உட்பக்கம் மட்டும் அரிசி நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. குறடு இல்லாமல் அதைப் பிடுங்க இருபது நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து சிறிய இடுக்கி ஒன்று என் பையில் நிரந்தரமாக இருக்கிறது, 25 மி.மீ. டயரையும் 32 மி.மீ. டயராக மாற்றிக்கொண்டேன். பஞ்சர் வெகுவாகக் குறைந்தது. சாலையின் நடுவே புல் முளைத்த இடங்களிலும், மழையில் அடித்துவரப்பட்ட சிக்கிமுக்கிக் கற்கள் கிடக்கும் இறக்கங்களிலும் கைப்பிடி முன்போல் அதிர்வதில்லை.

முட்களுக்குப் பிறகு சேறு வரும். இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் நெடுக, சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கை வயலிலிருந்து ஏற்றும் டிராக்டர்கள் களிமண்ணைச் சாலையில் பூசிவிட்டுப் போகும். காய்ந்தால் கல் போல் இருக்கும், நனைந்தால் சோப்பு. வளைவில் அதைக் கண்டால் பிரேக்கைத் தொடாமல், முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடப்பதே வழி.

கெர்சியைப் பற்றித் தனியாக ஒரு சொல். ஊரின் முக்கியத் தெருவின் மேலேயே ஓடை பாய்கிறது. இருபக்கமும் மரச்சட்ட வீடுகள், எதிரே குன்றின் மேல் தேவாலயம். பார்க்க அவ்வளவு அழகு. ஓடைக்கு அடியில் தளத்தில் பாசி படிந்திருப்பதை அறியாமல், முதலாண்டு நவம்பரில் நேராக ஓட்டிச் சென்று, முன்சக்கரம் வழுக்கி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான். இப்போதெல்லாம் இறங்கி, ஓரத்து நடைபாதை வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

2022 ஜனவரி இறுதியில் நெடுஞ்சாலை விதிநூல் திருத்தப்பட்டது. 30 மைல் வேகம்வரை சைக்கிளை முந்தும் ஓட்டுநர் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். மூன்று மீட்டர் அகலச் சாலையில் அந்த இடைவெளி கிடைக்க வழியே இல்லை. ஆகவே பின்னால் கார் வந்தால் நான் சாலையின் நடுவிலேயே ஓட்டி, அடுத்த ஒதுங்குமிடமோ வயல் வாயிலோ வந்ததும் நின்று வழிவிடுகிறேன். பெரும்பாலோர் கையை உயர்த்தி நன்றி சொல்வார்கள். குதிரை எதிர்ப்பட்டால் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பது முக்கியம். மணியோசையைவிட மனிதக் குரலைத்தான் குதிரை அமைதியாக ஏற்றுக்கொள்கிறது.

பிரெஸ்டன் செயின்ட் மேரியை விட்டு இறங்கும்போது லாவென்ஹம் தேவாலயக் கோபுரம் தெரிய ஆரம்பிக்கும். சுமார் 43 மீட்டர் உயரம் என்பதால் வழி தவறும் கவலை இல்லை. அங்கிருந்து சட்பரிக்கு நேராகப் போகும் பி1071 சாலையில் இரண்டு முறை ஓட்டினேன். முந்திச் செல்லும் கார்களின் காற்று தோளை உரசியதால் மூன்றாம் முறை போகவில்லை. ஆக்டன் வழியாகச் சுற்றினால் சில கி.மீ. கூடுதல், நேரமும் கால் மணி கூடுதலாகும். சட்பரியிலிருந்து, முதன்மை ரயில் பாதையோடு இணையும் மார்க்ஸ் டே நிலையத்துக்கு மணிக்கு ஒரு ரயில்தான் என்பதால் லாவென்ஹத்தில் தேநீருக்கு உட்காரும் முன்பே அந்தக் கால் மணியைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.