உந்தக் காப்பா, சக்திக் காப்பா?

வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளில் உயர்தரப் பிள்ளைகள் மோதுகைக் கணக்கில் தடுமாறும் இடம் இதுதான்: எந்தக் காப்பு விதியைப் பயன்படுத்துவது? என்னைக் கேட்டால், முதலில் உந்தம், அதாவது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. புறவிசை இல்லாவிட்டால் அது எந்த மோதுகையிலும் காக்கப்படும். இயக்கசக்தியோ (திணிவு × வேகத்தின் வர்க்கம் ÷ 2) பூரண மீள்தன்மை மோதுகையில், அதாவது சக்தி வீணாகாமல் பொருட்கள் மோதித் தெறிக்கும்போது மட்டுமே குறையாமல் இருக்கும்.

செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வரும் 2 கிலோ துரொல்லி, நிற்கும் 1 கிலோ துரொல்லியுடன் மோதி ஒட்டிக்கொள்கிறது என்போம். உந்தம் 6, மொத்தத் திணிவு 3, ஆகவே வேகம் 2. இதையே இயக்கசக்தியைச் சமப்படுத்திச் செய்தால் ஏறத்தாழ 2.45 வரும். அது பிழை. உண்மையில் 9 யூல் 6 ஆகிவிட்டது. மிச்சம் 3 யூலும் வெப்பம், ஒலி, நசுங்கல் என்று போய்விட்டது.

சரி, ஒட்டிய துரொல்லிகள் உராய்வில்லாத சரிவில் ஏறினால்? அப்புறம் சக்தி வீணாகாததால் சக்திக் காப்புதான் சுலபம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்தால் 20 சென்ரிமீற்றர் உயரம் ஏறும்.