பெரிய எழுத்து வேதாகமம்: ஒரு வருஷம் வாசித்த பிறகு எழுதுகிறேன்

கண்ணாடி பவர் இரண்டேகாலுக்குப் போனதும் என் பழைய கையடக்க வேதாகமத்தில் வசன எண் எது, எழுத்து எது என்றே தெரியாமல் போனது. ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடலாம். காலை நாலரை மணிக்கு வேதம் வாசிக்க யாரை எழுப்புவது? போன வருஷம் ஆடி மாதம் டவுனுக்குள் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்தப் பெரிய எழுத்துப் பதிப்பை வாங்கினேன்.

பழைய மொழிபெயர்ப்புதான், 1871-ல் போவர் ஐயர் என்ற மிஷனரியின் குழு முடித்தது. எளிய நடையில் வந்தவையும் அலமாரியில் இருந்தன. சண்டே ஸ்கூலில் மனப்பாடம் பண்ணின வசனம் அதே சொல்லோடு கண்ணில் பட வேண்டும் எனக்கு.

எழுத்து அருமை. நான் தைக்கிற தையல் மெஷின் மேல் விரித்து வைத்து, நின்றுகொண்டே வாசிக்க முடிகிறது. கனம்தான் தொந்தரவு. மளிகைக்கடைத் தராசில் வைத்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அரசரடியிலிருந்து சபைக்குப் பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது, வீட்டுக்கு மட்டும்தான். தாள் மெல்லிசு, மறுபக்க எழுத்து நிழலாடுகிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: வாசிக்கிற தாளுக்கு அடியில் கறுப்பு லைனிங் துணி ஒரு துண்டு வைத்தால் நிழல் அடங்கிவிடும். பேனாவால் கோடு போடாதீர்கள், ஊறிவிடும். நான் நீல டெய்லர் சாக்பீஸைக் கூர் சீவி, ஓரத்தில் லேசாக இழுத்து வைக்கிறேன்.

அந்த நீலக் கோடு அதிகம் விழுந்திருப்பது சங்கீதம் 37-ல். மே கடைசி வாரம், ஸ்கூல் திறக்க ஆறு நாள் இருக்கும்போது மெஷின் மோட்டார் காயில் கருகிவிட்டது. யூனிபார்ம் பாவாடை நாற்பது பாக்கி. அட்வான்ஸ் பணம் பேத்தி பீஸுக்குப் போயாச்சு. காயில் கட்டுகிறவர் நாலு நாள் என்றார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடியற்காலையில் இந்தப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். “உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்.” சின்ன வயதிலிருந்து தெரிந்த வசனம். ஆனால் ‘ஒப்புவித்து’ என்ற சொல் அத்தனை பெரிதாக அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. துணி வெட்டித் தைக்கக் கொடுத்தவர்கள் என்னிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நான் மட்டும் கர்த்தரிடம் கொடுத்ததை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்ப வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் தானாக ஓடவில்லை. பக்கத்து வீட்டு மதினி பரணில் கிடந்த பழைய கால்மிதி மெஷினை இறக்கிக் கொடுத்தாள். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். “ஒங்க சாமிகிட்ட எனக்கும் சேத்துச் சொல்லுங்க அண்ணி” என்று மட்டும் கேட்டாள். பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, மிதித்தேன். முழங்கால் வீங்கியது. திறக்கிற அன்றைக்கு முப்பத்திமூன்று கொடுத்தேன், மீதி ஏழுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு இரண்டு நாள் தவணை வாங்கினேன். ஒரு அம்மா திட்டினார்கள், நியாயம்தான். ஆனால் அந்த ஆறு நாளும் எனக்கு நெஞ்சு படபடப்பு வரவில்லை. பத்து வருஷமாகச் சீசன் நேரம் எனக்குப் படபடப்பு உண்டு, அதனால் சொல்கிறேன்.

வேறு குறைகள்: இயேசு பேசுகிற வசனங்கள் சிவப்பில் இருக்கின்றன, குண்டு பல்ப் வெளிச்சத்தில் மங்கல். டியூப்லைட் போட்டால் சரி. ஜிப் வைத்த ரெக்ஸின் உறை மூன்றாம் மாதமே பல் விட்டது. பக்கம் குறிக்கிற நாடா ஒன்றுதான், அதுவும் நுனி பிரிகிறது. நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே சங்கீதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எனக்கு இரண்டு தாள் வெட்டாமல் ஒட்டியே வந்திருந்தது. ஜிப் இல்லாததையே கேளுங்கள், விலையும் குறைவு. உறை நாமே தைத்துக்கொள்ளலாம். பழைய பேண்ட் துணி அரை மீட்டர் போதும், முதுகுப் பக்கம் மட்டும் இரட்டைத் தையல் போடுங்கள்.