இலவசமாகப் பாலிசிகளைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று வந்தவர்

சென்ற ஆண்டு இதே நேரம் என் பெயரில் இரண்டு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள் இருந்தன. ஒன்று, 29 வயதில் எடுத்த டெர்ம் பாலிசி; குறிப்பிட்ட காலத்துக்குள் நான் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது. இன்னொன்று, மகள் பிறந்தபோது எடுத்த 20 ஆண்டு சேமிப்புப் பாலிசி; அதில் 11 ஆண்டு கட்டி முடித்திருந்தேன். "குடும்பத்துக்கு இது போதுமான்னு பார்த்துச் சொல்றேன் சார், ஒரு பைசா வேண்டாம்" என்று தெரிந்தவர் மூலம் ஒரு முகவர் வந்தார். அவர் வந்துபோன ஆறு மாதத்தில் அந்த இரண்டுமே இல்லை.

போதுமா என்று பார்க்க வந்தவர் எங்கள் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்கவே இல்லை. வீட்டுக் கடன் பாக்கி, மகளின் படிப்பு இன்னும் எத்தனை ஆண்டு, மனைவிக்குச் சம்பளம் உண்டா, எதையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், "ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும்?" நானும் ஒரு தொகையைச் சொல்லித் தொலைத்தேன். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டெர்ம் பாலிசியைப் பார்த்ததும் சிரித்தார். "இது வேஸ்ட் சார். செத்தாத்தான் பணம். நீங்க நல்லா இருந்தா ஒரு காசு திரும்பி வராது." அதைக் கட்டாமல் விட்டுவிடச் சொன்னார். சேமிப்புப் பாலிசியைச் சரண்டர் செய்து, அதாவது முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொண்டு, அந்தப் பணத்தில் புதிதாக இரண்டு பாலிசி: ஒன்று என் பெயரில், ஒன்று மகள் பெயரில்.

புதுப் பாலிசியின் பலன் அட்டவணைத் தாளை அவர் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை நெடுக்காக மடித்து, வலப்பக்கத்துப் பத்தி மட்டும் தெரியும்படி மேசையில் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தார். பெரிய எண். தாளைப் பிரித்திருந்தால், இடப்பக்கத்தில் ‘உறுதியளிக்கப்பட்டது’ என்ற தலைப்பில் அதைவிட மிகச் சிறிய எண் இருந்திருக்கும். அவர் காட்டியது, முதலீடு நன்றாக வளர்ந்தால் கிடைக்கக்கூடிய உத்தேசத் தொகை. உறுதியான தொகையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 100 வீதம் 20 ஆண்டு கட்டுபவருக்கு முடிவில் சுமார் 3000 கிடைக்கும். கட்டியது 2000, வருவது 3000, பரவாயில்லையே என்று தோன்றும். வட்டிக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கும் கீழே. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 100 ஆகும் செலவு 20 ஆண்டில் 320 ஆகிவிடும்.

சரண்டரில் கைக்கு வந்தது, கட்டியதில் பாதிக்குச் சற்று மேல். (அந்தக் காலத்தில் கட்ட முடியாமல் விட்டவருக்கு எதுவுமே மிஞ்சாதாம். எலைசர் ரைட் என்பவர் விடாமல் போராடி, 1861-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சட்டம் வந்த பிறகுதான் கட்டிய பணம் முழுக்கப் பறிபோவது அங்கே நின்றது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை.) சரண்டர் செய்யாமல் பிரீமியத்தை மட்டும் நிறுத்தி, குறைந்த தொகைக்கு ‘பெய்ட்-அப்’ பாலிசியாக முதிர்வு வரை விட்டுவைத்திருக்கலாம். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் புதுப் பாலிசிக்குப் பணம் எங்கிருந்து வரும்? இந்த மாதிரிப் பாலிசிகளில் முகவருக்குப் பெரிய பங்கு முதல் ஆண்டுப் பிரீமியத்திலிருந்துதான் கிடைக்கிறது. டெர்ம் பாலிசியின் பிரீமியமே சிறியது. அதில் கமிஷன் எவ்வளவு வந்துவிடப் போகிறது?

குட்டு உடைந்தது என் மனைவியால். பாலிசி பத்திரம் வந்த அன்று இரவு, மகளின் கணக்கு நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "நீங்க இல்லாமப் போனா இந்தப் பணம் எத்தனை மாசத்துக்கு வரும்?" என்று கேட்டாள். புதுப் பாலிசியின் காப்பீட்டுத் தொகையில் கடன் பாக்கியைக் கழித்தாள். மீதியை மாதச் செலவால் வகுத்தாள். 19 மாதம். மகளுக்கு அப்போது 11 வயது. விட்டுவிட்ட டெர்ம் பாலிசியை வைத்து அதே கணக்கைப் போட்டால் 14 ஆண்டு வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மகள் பெயரில் எடுத்தது இன்னும் அபத்தம். சம்பாதிக்காத குழந்தையின் உயிரைக் காப்பீடு செய்து, அந்தப் பிரீமியத்தைக் கட்டும் ஆளின் உயிரை அரைகுறையாக விட்டிருக்கிறோம். சம்பளம் வாங்காவிட்டாலும் வீடு முழுவதையும் சுமக்கும் மனைவிக்கு ஒன்றுமே இல்லை. அவள் செய்வதற்கெல்லாம் ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று அன்றுதான் முதல்முறையாகக் கணக்குப் போட்டேன்.

அப்புறம் விண்ணப்பத்தின் நகலைப் புரட்டினேன். ரத்த அழுத்தத்துக்கு மூன்று ஆண்டாக மாத்திரை சாப்பிடுகிறேன். அவரிடம் சொல்லியும் இருந்தேன். "அதெல்லாம் சின்ன விஷயம் சார்" என்றார். நகலில் என் கையெழுத்து நீல மையில். நோய் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ என்ற டிக், கறுப்பு மையில். பல நாடுகளில் பாலிசி தொடங்கி முதல் 2 ஆண்டு, சில இடங்களில் 3 ஆண்டு வரை, இப்படி மறைத்த தகவலைக் காட்டி இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பழைய பாலிசிகளில் நான் தாண்டிவிட்ட அந்தக் காலம், புதியதில் முதல் நாளிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

திருப்பிக் கொடுக்கலாம் என்றால் நாள் கடந்துவிட்டது. புதுப் பாலிசியைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல, நாட்டுக்கு நாடு 10 முதல் 30 நாள் வரை அவகாசம் தருகிறார்கள். என் பாலிசி மின்னஞ்சலில் எப்போதோ வந்து கிடந்திருக்கிறது. "நானே நேர்ல கொண்டுவந்து விளக்கறேன்" என்றவர் 34-ஆவது நாள் வந்தார். மகளுடையது தாமதமாக வந்ததால் அதை மட்டும் ரத்து செய்ய முடிந்தது. சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பியது. என்னுடையதைப் பற்றி எழுதிய புகாருக்கு, என் கையெழுத்தைச் சுட்டிக்காட்டி நாலு வரிப் பதில் வந்தது. முகவரின் எண் இப்போது எடுக்கப்படுவதில்லை.

டெர்ம் பாலிசியைப் புதுப்பிக்கும் கெடு இன்னும் முடியவில்லை என்பது ஒன்றுதான் அதிர்ஷ்டம். நிலுவையை வட்டியோடு கட்டி, மருத்துவப் பரிசோதனை செய்து, இம்முறை மாத்திரையின் பெயர் முதற்கொண்டு நானே எழுதிக் கொடுத்தேன். பிரீமியம் கூடியது. ஐந்து வாரம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே புதுப் பாலிசியின் அடுத்த தவணையை நிறுத்தினேன். கட்டிய முதல் ஆண்டுப் பணம் முழுவதும் போச்சு. போகட்டும், இன்னும் 19 ஆண்டு அதற்குக் கட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

புதுப்பித்த பாலிசியை வரிவரியாகப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. நாமினி, அதாவது நான் இறந்தால் பணத்தைப் பெறுபவர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர். அவர் காலமாகி ஆறு ஆண்டு ஆகிறது. சரிபார்க்க வந்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. இத்தனை ஆண்டாக நானும் புரட்டவில்லை. மாற்றுவதற்கு ஒரே ஒரு படிவம். மனைவியின் பெயரை, அவளுடைய அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுத்துக்கூட்டி எழுதி, அவளிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.