நல்ல கையைக் கட்டிப்போடுவதா, இரண்டையும் சேர்த்துப் பழக்குவதா?

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பாவின் இடது கைக்கு என்ன பயிற்சி என்று வந்தபோது எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. நல்ல கையில் தடிமனான கையுறை மாட்டிவிட்டு, வராத கையையே வேலை வாங்குவது ஒன்று; பிசியோக்கள் இதை சிஐஎம்டி என்பார்கள். இரண்டு கையையும் சேர்த்தே பழக்குவது இன்னொன்று. நாங்கள் எடுத்தது இரண்டாவது, இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

முதல் வழியைக் குறைத்துச் சொல்லவில்லை. 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேர், எல்லோருமே ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் கையுறையோடு, வார நாட்களில் தினம் 6 மணி நேரம் வரை பயிற்சி. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கை நன்றாகவே தேறியது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது விரிக்க முடிந்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான்: வீட்டில் இது மாதக்கணக்கில் ஓடுமா? பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிவீடு, குறுகின படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். நல்ல கை உறைக்குள் இருக்கும்போது அப்பா தடுமாறினால் எதைப் பிடிப்பார்? விழும் ஆபத்துள்ள வேலைக்குக் கழற்றிக்கொள்ளலாம்தான், சரி, ஆனால் கழற்றி மாட்டிவிட நாள் முழுக்க ஒரு ஆள் வேண்டும். காலையில் அம்மா மெட்ரோ வாட்டர் பிடிக்கக் குடத்தோடு இறங்கிவிடுவார், நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

இரண்டு கைப் பயிற்சிக்கு ஆள் காவல் தேவைப்படவில்லை, வேலை தானாகவே கிடைத்தது. அப்பா எம்.சி. ரோடு துணிக்கடையில் சேலை மடித்தவர். முதலில் மேசையில் துண்டை விரித்து இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளி இழுப்பது, அப்புறம் சேலை. ஆரம்பத்தில் வலது கை முந்திக்கொண்டு ஓடும், இடது கையிலிருந்து ஓரம் நழுவி மடிப்பு கோணிக்கொள்ளும். நான் மேசையைத் தட்டித் தாளம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். தாளத்தோடு இரு கையையும் ஓட்டும் பயிற்சியை 2000-இல் 14 பேரிடம் செய்து பார்த்து, 6 வாரத்தில் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எங்கள் மேசையில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. இப்போது இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முந்தானை ஓரத்தைக் கவ்விப் பிடிக்க, வலது கை நீவிக்கொண்டு போகிறது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. நல்ல கை வேலையைத் திருடிக்கொள்ளும். ஒரு கையால் முடிந்துவிடுகிற வேலையைக் கொடுத்தால் வராத கை சும்மா மடியில் கிடக்கும், கொஞ்ச நாளில் அதை மறந்தே போவார்கள். அதனால் ஒன்று பிடிக்க, இன்னொன்று செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும்: பாட்டில் மூடி திறப்பது, ஈரத் துண்டு பிழிவது, பூ கட்டுவது.

கண்ணாடிப் பயிற்சியும் இருக்கிறது: நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்த்து, வராத கையே அசைவதுபோல் உணரவைப்பது. நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காகக் கொண்டுவந்த முறை, பிறகு ஸ்ட்ரோக்குக்கும் வந்தது. கொஞ்சம்தான் செய்து பார்த்தோம், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

நான் சொல்வதெல்லாம் விரல் கொஞ்சம் அசைந்த ஒருவரின் கையை வைத்துத்தான். உங்கள் வீட்டில் விரல் நன்றாக விரிகிறது, கூடவே இருக்க ஆளும் உண்டு என்றால், மணி நேரம் குறைத்த சிஐஎம்டி பற்றி பிசியோவிடம் தாராளமாகக் கேளுங்கள். தோள் வலித்தால் மட்டும் எந்த வழியிலும் கையை மேலே இழுக்காதீர்கள், முதலில் காட்டிவிடுங்கள்.