கல் கத்தி: நாலு வருடம், மூன்று பிடி

என் கல் கத்திக்குப் போன வாரம்தான் மூன்றாவது பிடி போட்டேன். பசை விரலை விட்டுப் போவதற்குள் நண்பர் ஒருவர், "எனக்கும் ஒன்று செய்து தர முடியுமா?" என்று கேட்டார். அவருக்கான பதில்தான் இது.

கல்லில் ஒரு குறையும் இல்லை. குஜராத்தின் கம்பாத்தில் மணி செய்கிறவர்கள் தட்டுகிற அதே அகேட் கல்தான். நடுவிரல் நீளத்துக்கு ஒரே சில்லு. கூர் மழுங்கினால் செம்புக் கம்பியின் முனையால் விளிம்பை அழுத்தி அழுத்திப் பொடிச் சில்லுகளாகப் பெயர்த்து எடுப்பேன். நாலு வருடத்தில் அதற்கும் இரண்டு தடவைதான் வேலை வந்தது. இரும்பு அரிவாள்மனையில் நறுக்கிய மாங்காய் கருத்துப்போகும், தெரியும்தானே? இதில் சீவினால் கருப்பு ஏறாது. துண்டின் மேல் ஈரம் மினுமினுத்துக்கொண்டு அப்படியே இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கொத்தக் கூடாது, திருகக் கூடாது, கொட்டையில் படக் கூடாது. சில்லு தெறித்துச் சாப்பாட்டில் விழுந்துவிடும். இழுத்து அறுக்க மட்டும்தான் இந்தக் கத்தி.

என் பிரச்சினை முழுக்கப் பசைதான்.

முதல் பிடி பூவரசங்கட்டை. உளியால் காடி வெட்டி, கல்லின் அடிப்பக்கத்தை மெலிதாக்கிச் செருகினேன். பசைக்குக் குங்கிலியம் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, கரித்தூள் ஒரு பங்கு. மேலே ஆட்டுக்கால் நரம்பு. காயவைத்த நரம்பைக் கட்டையால் தட்டினால் வெள்ளை நூல் நூலாகப் பிரியும். வாயில் போட்டு நனைத்துச் சுற்றினால் முடிச்சே வேண்டாம், தானே ஒட்டிக்கொள்ளும், காயக் காய இறுகும். இதைவிட நல்ல கட்டு நான் பார்த்ததில்லை. சித்திரை மாதம் ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, கத்தியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் திறந்தால் கல் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, பசை கட்டையில் வழிந்து உறைந்திருக்கிறது. தேன்மெழுகு 62, 63 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு முன்பே குழையத் தொடங்கும். சரி என்று மெழுகைக் குறைத்து மறுபடி ஒட்டினேன். கை தவறித் தரையில் விழுந்ததும் பசை கற்கண்டு மாதிரி நொறுங்கியது.

படித்த பக்குவம் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மனிதரிடமும் மரப்பிடி போட்டு நரம்பால் கட்டிய கல் கத்தி இருந்தது. அவர் கத்தியைச் சித்திரை வெயிலில் வைக்கவில்லையே!

இரண்டாவது பிடிக்கு, தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகை பற்றிப் படித்துவிட்டு, கருவேலம் பிசினும் காவிப் பொடியும் கலந்தேன். அங்கே சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படிக் கலந்து கல்லை ஒட்டியிருக்கிறார்கள். பிசின் மட்டும் என்றால் உடையும், காவி சேர்ந்தால் இறுகும். அடுப்பிலிருந்து தள்ளி, மெதுவாகக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் குமிழி விட்டுப் பாழாகிவிடும். ஒரு கோடை முழுக்க அசையவில்லை. ஐப்பசி அடைமழையில் நாலாம் நாள் கத்தியை எடுத்தால் பிசின் பிசுபிசுக்கிறது, நரம்பும் ஊறித் தளர்ந்துவிட்டது. போதாததற்கு எறும்பு வேறு. எனக்கு வந்த கோபத்தில் கட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். பிசினின் மேல் குற்றமில்லை. அது நீரில் கரையும் என்று எனக்கு முன்பே தெரியும்.

இப்போது அரக்கு. நகைக் கடைத்தெருவில் வயதான பத்தர் ஒருவரிடம் கேட்டேன். "வெறும் அரக்கு கண்ணாடி மாதிரி தம்பி, சலிச்ச செங்கப்பொடி போட்டாத்தான் நிக்கும்" என்றார். அப்படியே செய்தேன். காடியையும் கல்லையும் சூடுகாட்டிவிட்டு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பிடிக்காது. நரம்புக்கு மேலேயும் ஒரு பூச்சுக் கொடுத்தேன், ஈரமும் எறும்பும் அண்டாது என்ற நம்பிக்கையில். கையில் எடுத்தால் கல்லும் கட்டையும் ஒரே பொருளாக இருக்கிறது. மூன்றில் இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் இன்னும் ஒரு கோடையும் பார்க்கவில்லை, ஒரு மழையும் பார்க்கவில்லை.

அதனால் நண்பருக்கு என் பதில்: பிடி போட்ட கத்தி வேண்டாம். இன்னும் இரண்டு நல்ல சில்லுகள் வைத்திருக்கிறேன். ஒன்றைத் தருகிறேன், அடியில் தோல் சுற்றிப் பிடித்துக்கொண்டு மாங்காயை அறுத்துப் பாருங்கள். என்னுடையதை மட்டும் கேட்காதீர்கள்.