பாரிஸ் மெஷின் கொண்ட தங்க முலாம் கடிகாரம்: வைத்திருப்பவர்களுக்கு

19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மேடைக் கடிகாரத்தின் வட்ட மெஷின் (பாரிஸ் மெஷின் என்பது இதுதான்) லேசில் தேயாது. முழுச் சாவிக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம் ஓடும். ஆனால் இரண்டாவது வாரம் ஸ்பிரிங்கின் வேகம் தளர்ந்து நேரம் பிசகும். அதனால் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் சாவி கொடுப்பது நல்லது. வலப்பக்கத் துளை ஓட்டத்துக்கு, இடப்பக்கத் துளை மணி அடிக்க.

இடம் மாற்றிய பிறகு நின்றுபோனால் உடனே எண்ணெயைத் தேடாதீர்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டிக்... டாக்-டிக்... டாக்" என்று நொண்டினால் குறை சமநிலையில்தான். பின்மூடியில் உள்ள இரண்டு நீளத் திருகுகளை அரைச்சுற்று தளர்த்தி, டயலை மெஷினோடு நூலளவு திருப்பி, சத்தம் சீரானதும் இறுக்குங்கள். 12 கண்ணுக்குத் தெரியும்படி சாய்கிறதென்றால் அதற்குமேல் மெக்கானிக் வேலை.

12க்கு மேலே சின்னத் துளை இருந்தால் அது ப்ரோகோ அமைப்பு, பெண்டுலத்தின் நீளத்தை முன்பக்கத்திலிருந்தே மாற்றுவது. இருதலைச் சாவியின் மெல்லிய முனையை அதில் விட்டு, A பக்கம் திருப்பினால் வேகம், R பக்கம் தாமதம். கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்தது. 122 மி.மீ. பெண்டுலத்தில் ஒரு மி.மீ. நீளம் கூடினாலே நாளுக்கு 6 நிமிடம் போய்விடும்!

ப்ரோகோவுக்கு முந்தைய கடிகாரங்களில் பெண்டுலம் பட்டு நூலில் தொங்கும். ஈரக்காற்றில் நூலின் நீளம் மாறும், நேரமும் கூடவே மாறும். எரிச்சல்தான், ஆனாலும் பட்டு நூலை எடுத்துவிட்டு ஸ்பிரிங் போடச் சொன்னால் கேட்காதீர்கள். கடிகாரத்தின் வயதுக்குச் சாட்சியே அந்த நூல்தான்.

வாங்குமுன் பின்தகட்டின் அடியில் பாருங்கள். "4 6" என்றிருந்தால் பெண்டுலம் 4 பழைய பிரெஞ்சு அங்குலமும் 6 வரியும் (12 வரி ஓர் அங்குலம்). ஏறத்தாழ 122 மி.மீ. மெஷினின் வரிசை எண் பெண்டுலக் குண்டின் பின்னாலும் இருக்க வேண்டும். எண் வேறென்றால் பெண்டுலம் வேறு கடிகாரத்துடையது. எவ்வளவு திருகினாலும் நேரம் பிடிபடாமல் போகலாம்.

முலாம்தான் பெரிய ஆபத்து. பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சுட்ட தங்கம் மெல்லிய படலம். பித்தளை பாலிஷ் போட்டால் மூக்கு, முழங்கை, இலை நுனியெல்லாம் முதலில் வெளுத்துவிடும், போனது வராது. மென்மையான ஆட்டுமுடி பிரஷ், பருத்திக் கையுறை போதும். அடிப்பாகத்துக் கீறலில் மஞ்சள் தெரிந்தால் வெண்கலம். சாம்பல் நிறமென்றால் துத்தநாகக் கலவை, விலையில் பாதிக்கு மேல் குறைத்துக் கேட்கலாம்.

மணி தப்பாக அடித்தால் (முள்ளைப் பாராமல் வரிசைப்படி எத்தனை அடி என்று தீர்மானிக்கும் எண்ணு சக்கரம் உள்ள பழைய மெஷின்களில் சகஜம்) சின்ன முள்ளை மட்டும் அடித்த எண்ணுக்கு நகர்த்துங்கள். அது அழுத்திச் செருகியதுதான். பிறகு பெரிய முள்ளை முன்னோக்கி, ஒவ்வொரு அரைமணிக்கும் நிறுத்தி, அடித்து முடித்தபின் நகர்த்துங்கள்.

வேறிடம் கொண்டுபோவதென்றால் முதலில் பெண்டுலத்தைக் கழற்றுங்கள். தொங்கவிட்டபடி தூக்கினால் மேலே உள்ள மெல்லிய ஸ்பிரிங் மடங்கும். பெண்டுலம் பக்கவாட்டில் ஆடி நின்றுவிடும்.