கத்தி போட்டுக் கட்டவா, போடாமல் கட்டவா? வைக்கோல் கட்டும் இயந்திரமான பேலரை வாடகைக்கு எடுத்த அனுபவம்

புவனகிரிப் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் சம்பா, வீட்டில் ஆறு கறவை மாடு. ஒரு ஏக்கரில் அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருந்ததால் அங்கே எந்த வண்டியையும் இறக்கவில்லை, ஆள் வைத்து அறுத்தோம். மீதி இரண்டரை ஏக்கர் வைக்கோலுக்கு இந்தத் தையில் கத்தி பொருத்திய உருளைப் பேலரைக் கூப்பிட்டேன். சாதாரணக் கட்டு 220 ரூபாய், கத்தி போட்டால் 260. சின்னக் கட்டு இல்லை, நெஞ்சு உயரம் வரும், 150 கிலோவுக்குக் குறையாது.

வைக்கோலை அள்ளி உள்ளே தள்ளும் வழியில் ஒரு சுழலும் உருளை, அதற்கு எதிரே வரிசையாகக் கத்திகள். இந்த வண்டியில் 14. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் வைக்கோல் ஏறக்குறைய நாலு விரல் அகலத்துக்கு நறுங்கி விழுகிறது. கத்திக்கு நேர்வாக்கில் நுழையும் தாள் மட்டும் வெட்டுப்படாமல் நீளமாகவே வந்துவிடும். ஓட்டுபவர் இருக்கையை விட்டு இறங்காமலே கத்தியை ஏற்றலாம், இறக்கலாம். இந்த வசதியை எப்போது பயன்படுத்துகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

போன வருடம் வேறொரு வண்டி வந்தது. உச்சி வெயிலில் எல்லாக் கத்தியையும் போட்டு, வலை சுற்றாமல் வெறும் கயிறு மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். டிரெய்லரிலிருந்து உருட்டும்போது கட்டு பிதுங்கி, வாசல் முழுக்கக் கூளம். மாமியாரும் நானும் இரண்டு நாள் கூட்டி அள்ளினோம். மண் கலந்ததை மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த வருடம் வந்த தம்பி முதலில் பத்து மணி வரை காத்திருந்தார். பனி விலகியதும் ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து முறுக்கிப் பார்த்தார். சில்லென்று ஈரம் தட்டினால் கட்டவே கூடாதாம், உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். முறுக்கிய உடனே பொடிந்தால் கத்தியை இறக்கிவிட வேண்டும். “அக்கா, ஒரு மணிக்குள்ள கத்தி வேலையை முடிச்சிடுவோம். அப்புறம் வைக்கோல் அப்பளம் மாதிரி நொறுங்கிடும்” என்றார். சொன்னபடியே மதியத்துக்கு மேல் கத்தியில்லாமல்தான் கட்டினார்.

இன்னொன்றும் செய்தார். கட்டு நிறைய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது கத்தியை இறக்கிவிடுகிறார். வெளிச்சுற்று நீள வைக்கோலாகவே படிந்து, அதன்மேல் வலை ஏறுகிறது. முதல் கட்டு விழுந்ததும் ஓடிப்போய் ஓரத்தைப் பிடித்து உலுக்கினேன். ஒரு பிடி கூளம்கூட உதிரவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மொத்தம் 20 கட்டு. அதில் 12 கட்டு கத்தி போட்டது, எல்லாம் எங்கள் மாடுகளுக்கு. நீள வைக்கோலை மாடு காடியிலிருந்து இழுத்துக் காலடியில் போட்டு மிதிக்கும். தினமும் ஒரு கூடை குப்பைக்குழிக்குப் போகும். நறுக்கியதைத் தவிடு, புண்ணாக்குத் தண்ணீரோடு பிசறி வைத்தால் பொறுக்கித் தின்ன வழியில்லை, காடி துடைத்தது போல் ஆகிறது. முன்பு நாலு நாளில் தீர்ந்த அளவு இப்போது ஐந்து நாள் வருகிறது. கூடுதலாகக் கொடுத்தது 480 ரூபாய்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடி வைக்கும் முறைக்கும் நறுக்கிய வைக்கோல் நன்றாக அமைகிறது, கரைசல் எல்லா இடத்திலும் சமமாகப் படுகிறது. இதைவிடப் பொடியாக வெட்டச் சொல்லாதீர்கள், மாடு அசை போட நார் வேண்டும்.

மீதி எட்டுக் கட்டுக்குக் கத்தி வேண்டாம் என்று நானே சொன்னேன். ஐந்து வியாபாரிக்கு. அவர் நீள வைக்கோல்தான் கேட்பார். மூன்று, அறுவடை வண்டி திரும்பித் திரும்பிச் சேறாக்கிய மூலையில் கிடந்தது. அங்கே வைக்கோல் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தது, மண்ணும் ஒட்டியிருந்தது. மண் பட்டால் கத்தி மழுங்கும்; மழுங்கினால் வெட்டாமல் பிய்க்கும், டிராக்டரும் முனகும். பாதி வேலையில் தம்பி கத்திகளைக் கழற்றி, கிரைண்டரில் பல் இல்லாத பக்கத்தை மட்டும் தீட்டி மாட்டினார். அந்த அரைமணி நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

குறையும் உண்டு. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தார்கள். கட்டை ஏற்ற லோடர் கிடையாது. பலகை சாய்த்து நாலு பேர் உருட்டித்தான் டிரெய்லரில் ஏற்றினோம். அந்தக் கூலி நம் தலையில்தான். வலையைப் பற்றியும் அவர்கள் எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்துக்கொண்டேன். கட்டைப் பிரிக்கும்போது வலையை முழுசாக உருவி எடுத்துவிடுங்கள். அறுத்த துண்டு ஒன்று காடிக்குள் போனாலும் நறுக்கிய வைக்கோலோடு கலந்து மாட்டு வயிற்றுக்குள் போய்விடும். நான் உருவிய வலையை எண்ணி ஒரு சாக்கில் போட்டு வைக்கிறேன். இதுவரை ஏழு கட்டுப் பிரித்தாயிற்று, சாக்கில் ஏழு வலை இருக்கிறது.